வீட்டு ஸ்டீரியோவில் முதலில் எதை மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வரும் போன்களில் பாதி இதற்காகத்தான். ஒரு செட் இருக்கிறது, கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது, எதையாவது மாற்ற வேண்டும், ஆனால் எதை? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். இங்கே செட் என்றால் ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், பாட்டு வரும் பெட்டி ஒன்று (சிடி பிளேயர், போன், இசைத்தட்டு பிளேயர், எதுவாகவும் இருக்கலாம்). ஐந்தாறு ஸ்பீக்கர் வைத்த ஹோம் தியேட்டர் வேறு சமாச்சாரம்.

"அண்ணே, பழைய செட் ஒண்ணு இருக்கு. முதல்ல எதை மாத்தணும்?"

பழுதாகி நிற்பது ஏதாவது இருந்தால் முதலில் அது. எல்லாம் ஓடுகிறது என்றால் என் வரிசை இது: ஸ்பீக்கர் இருக்கும் இடம், பிறகு ஸ்பீக்கர், பிறகு ஆம்ப்ளிஃபயர், கடைசியில் பாட்டு வரும் பெட்டி. இசைத்தட்டு கேட்பவர்களுக்கு மட்டும் இது கொஞ்சம் மாறும், கீழே சொல்கிறேன்.

காரணம் எளிது. சுமாரான ஓர் ஆம்ப்ளிஃபயர்கூட, நாம் கேட்கும் சுரங்கள் அனைத்தையும் அரை டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) ஏற்ற இறக்கத்துக்குள் கொடுத்துவிடும். நல்ல ஸ்பீக்கரிலேயே 3 டெசிபல் மேலும் கீழும் ஆடும். வீட்டு அறையோ, அடிச் சுரங்களில் 10 டெசிபலுக்கு மேல் ஏற்றி இறக்கும். கோணல் எங்கே அதிகமோ அங்கே கை வைத்தால்தான் காதுக்குத் தெரியும்.

"இடத்தை மாத்தினா சவுண்ட் மாறுமா? நிஜமாவா?"

என் மைத்துனர் வீட்டில் ஒரு ஸ்பீக்கர் பீரோ மேலே, இன்னொன்று டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருந்தது. புது ஆம்ப்ளிஃபயர் வாங்க முன்பணம் கொடுக்கும் கட்டத்தில் இருந்தார். போய்ப் பாட்டைப் போட்டுவிட்டுப் பீரோ கதவில் உள்ளங்கையை வைத்தேன். கதவு ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. "இந்தப் பீரோவும் பாடுது மாப்ளே, அதுக்கும் சேர்த்துதான் நீங்க கேட்டுக்கிட்டிருக்கீங்க" என்றேன். இரண்டையும் இறக்கி மர ஸ்டூல்களில் வைத்தோம். ட்வீட்டர் (மேல் சுரங்களைப் பாடும் சின்னது) உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி. இரண்டுக்கும் நடுவே ஆறடி. சோபாவிலிருந்து இரண்டுக்கும் ஒரே தூரம். பின் சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒன்றரை அடி. அரை மணி நேர வேலை. வயலின் கூட்டத்துக்குப் பின்னால் இன்னொரு வயலின் கூட்டம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது என்றார். முன்பணம் மிஞ்சியது.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயரில் சிவப்பும் கறுப்பும் ஒரு பக்கம் மட்டும் இடம் மாறியிருந்தால், ஓர் ஊஃபர் (அடிச் சுரங்களைப் பாடும் பெரிய கூம்பு) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் கரைந்துவிடும், பாடகர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. இதைக் கண்டுபிடிக்க ஐம்பதுகளின் பழைய பாட்டுப் போதும். அது மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி, எனவே குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லையா, ஸ்பீக்கரின் பின்னால் போய்ப் பாருங்கள்.

"சார், எங்க ரூம்ல பேஸ் ஒரே குமுறலா இருக்கு. ஆம்ப் சரியில்லையோ?"

பெரும்பாலும் ஆம்ப் மேல் பிழையில்லை. நம் ஊர்ப் படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய் வந்து, குறிப்பிட்ட சில சுரங்களில் தன் மேலேயே அடுக்கிக்கொள்ளும். 12 அடி நீளத்துக்கு அந்தச் சுரம் சுமார் 48 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48 அதிர்வு. 10 அடி அகலத்துக்குச் சுமார் 57. உயரமும் 10 அடி என்பதால் அதற்கும் அதே 57. ஒரே இடத்தில் இரண்டு மேடு. பேஸ் கிட்டாரின் இரண்டாவது தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை குமுறும், அடுத்த சுரத்துக்கு அமைதியாகிவிடும். வாசித்தவர் அப்படி வாசிக்கவில்லை.

ஸ்பீக்கரை மூலையில் நெருக்கினால் இந்த மேடுகள் இன்னும் உயரும், எனவே முதலில் மூலையை விட்டு வெளியே இழுங்கள். உட்காரும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தால் குமுறல் உச்சத்தில் இருக்கும். அறை நீளத்தின் சரிபாதியில் உட்கார்ந்தால் அந்த 48 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். பின் சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் நல்ல சமரசம். ஒரு பக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறந்திருக்கும் ஹாலில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

"டைல்ஸ் தரை, வெறும் சுவர். இதுக்கு என்ன பண்றது மாமா?"

அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டல் முடிந்த பிறகும் "ட்ர்ர்ங்" என்று ஒரு வால் நீண்டால், ட்ரெபிள் கூச்சலாகத்தான் கேட்கும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு கனமான விரிப்பு, ஜன்னலுக்கு நல்ல தடிமனான திரை, பின் சுவரில் புத்தக அலமாரி. வீட்டில் பவானி ஜமுக்காளம் இருந்தால் இரண்டாக மடித்துப் போடுங்கள், ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் இவையெல்லாம் மேல் சுரங்களைத்தான் அடக்கும். முந்தைய கேள்வியில் சொன்ன குமுறலுக்கு விரிப்பு பயன்படாது.

"சரி, இடம் பார்த்தாச்சு. இப்ப சொல்லுங்க, ஸ்பீக்கரா ஆம்ப்பா?"

ஸ்பீக்கர். மின்சாரத்தைக் காற்றசைவாக மாற்றும் வேலை இந்தச் செட்டிலேயே கடினமானது. காகிதக் கூம்பையும் காந்தத்தையும் மரப்பெட்டியையும் வைத்துக்கொண்டு குரலையும் மிருதங்கத்தையும் ஒரே நேரத்தில் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் அதை வேறு வேறு விதமாகத் தப்பாகச் செய்கிறது. அதனால்தான் இரண்டு ஆம்ப்ளிஃபயரை வித்தியாசம் காணத் திணறும் காது, இரண்டு ஸ்பீக்கரை அடுத்த அறையிலிருந்தே பிரித்துச் சொல்லிவிடும்.

50,000 ரூபாயில் புதிதாக ஆரம்பிக்கிறேன் என்பவருக்கு நான் சொல்வது: 30,000 ஸ்பீக்கருக்கு, 15,000 ஆம்ப்புக்கு, மிச்சம் ஸ்டாண்டுக்கும் விரிப்புக்கும். பாட்டுக்குக் கையில் இருக்கும் போன் போதும். சின்ன அறைக்குப் பெரிய டவர் ஸ்பீக்கர் வேண்டாம். அது கொடுக்கும் கூடுதல் பேஸ் நேரே அந்த 48, 57 மேடுகளில் போய் ஏறும்.

"என் ஆம்ப் 40 வாட்தான். 100 வாட் வாங்கினா ரெண்டரை மடங்கு சத்தம் வருமில்ல?"

வராது. வாட்டும் சத்தமும் அப்படிக் கணக்காகாது. வாட் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 40-இலிருந்து 100-க்குப் போனால் கிடைப்பது 4 டெசிபல். வால்யூம் குமிழை லேசாகத் திருகுவதைப் போலத்தான்.

ஸ்பீக்கரின் பின்னாலோ அட்டைப் பெட்டியிலோ "சென்சிட்டிவிட்டி" என்று ஓர் எண் இருக்கும் (ஒரே அளவு மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் கொடுக்கும் என்பது), 84, 87, 90 டெசிபல் என்று. யாரும் பார்ப்பதில்லை. 84-க்குப் பதில் 90 உள்ள ஸ்பீக்கரை வாங்கினால் 6 டெசிபல் லாபம். அதே லாபத்தை ஆம்ப்பில் எடுக்க நான்கு மடங்கு வாட் வேண்டும். சின்ன ஆம்ப் வைத்திருப்பவருக்கும் ஸ்பீக்கரே முதல் என்பதற்கு இன்னொரு காரணம் இது.

"அப்போ ஆம்ப்பை எப்பத்தான் மாத்தறது?"

மூன்று சந்தர்ப்பம். ஒன்று, வால்யூம் ஏற்றும்போது சத்தம் கூடாமல் கரகரப்பு மட்டும் கூடுவது. வீட்டில் அளவாகக் கேட்கும்போது அரை வாட், ஒரு வாட்தான் செலவாகும். ஆனால் தவில் ஓங்கி விழும் நொடிக்கு 20 டெசிபல் கூடுதலாகக் கேட்டால் அந்த அரை வாட் 50 வாட் ஆகிவிடும். ஆம்ப்பால் முடியாதபோது அலையின் தலையைச் சீவிவிடும். அப்படிச் சீவப்பட்ட சத்தத்தைத் தொடர்ந்து ஓடவிட்டால் ட்வீட்டர் எரியும். "சின்ன ஆம்ப்தானே, ஸ்பீக்கர் எப்படிப் போச்சு" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டு, 8 ஓமுக்கு மேல்தான் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை) தாங்கும் என்று போட்ட ஆம்ப்பில் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டி, அது சூடேறி அடிக்கடி நின்றுபோவது. மூன்று, பாட்டு ஓடாதபோதும் ஓயாத இரைச்சல். வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் ஆம்ப்பை மாற்றாதீர்கள். குமிழுக்குள் தூசி, கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும். அட்டைப் பெட்டியில் 5000 வாட் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடும் எண்) என்று போட்டிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடியது.

"டேக் வாங்கினா பாட்டு கண்ணாடி மாதிரி கேக்கும்னு பையன் சொல்றான்"

போனிலோ லேப்டாப்பிலோ இருக்கும் எண்களை மின் அலையாக மாற்றும் பெட்டி டேக். இப்போது விலை குறைந்த டேக்குகளே காது கண்டுபிடிக்கும் எல்லையைத் தாண்டித் துல்லியமாக இருக்கின்றன. லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் உஸ்ஸென்ற சத்தமோ, மவுஸை நகர்த்தினால் கீச்சிடும் சத்தமோ வந்தால் சின்னதாக ஒன்று வாங்குங்கள், உடனே பலன் தெரியும். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தப் பணத்தை ஸ்பீக்கர் உண்டியலில் போடுங்கள். பையன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

"நான் புளூடூத்லதான் கேக்கறேன். அதான் சுமாரா இருக்கா?"

ஓரளவு இருக்கலாம். புளூடூத் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும். ஆனால் நல்ல இணைப்பில் அந்த வித்தியாசம், ஸ்பீக்கர் மூலையில் இருப்பதால் வரும் வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட வராது. சந்தேகமிருந்தால் அதே பாட்டை ஒருமுறை ஒயரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் புளூடூத்தில் இல்லை, யாரோ யூடியூபில் ஏற்றியதை இன்னொருவர் இறக்கி வாட்ஸாப்பில் அனுப்பிய பாட்டில் இருக்கும்.

"தாத்தாவோட இசைத்தட்டு பிளேயர் இருக்கு. இதுக்கும் ஸ்பீக்கர்தான் முதல்லயா?"

இங்கேதான் வரிசை மாறுகிறது. இசைத்தட்டுக்கு ஊசி முதல். எண்களைப் படிக்கும் சிடி போலில்லை இது. வைரமுனை தட்டின் பள்ளத்தோடு உரசித்தான் பாட்டை எடுக்கிறது. அந்த முனை 500 முதல் 1000 மணி நேரத்தில் தேய்ந்துவிடும். தினம் ஓர் எல்.பி. இரண்டு பக்கமும் கேட்டால் 40 நிமிடம், ஆக இரண்டிலிருந்து நான்கு வருடம். தாத்தா கடைசியாக எப்போது மாற்றினார் என்று யாருக்கும் தெரியாதென்றால் தேய்ந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ஊசி பாட்டைக் கெடுப்பதோடு தட்டையும் உழும். தட்டு போனால் போனதுதான். 78 சுற்றுத் தட்டுகளின் பள்ளம் அகலமானது, அவற்றுக்குத் தனி ஊசி. எல்.பி. ஊசியை அதில் வைக்க வேண்டாம்.

"புது டர்ன்டேபிள், சத்தமே வரலை" என்று போன் செய்பவர்களும் உண்டு. மூவிங் மேக்னட் (பரவலாகப் புழங்கும் வகை) ஊசி கொடுப்பது சுமார் 5 மில்லிவோல்ட், சிடி பிளேயர் கொடுப்பது 2 வோல்ட். நானூறு மடங்கு. அதை ஆம்ப்பின் "ஃபோனோ" துளையில்தான் சொருக வேண்டும். "ஆக்ஸ்" துளையில் சொருகினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல மெலிசாக வரும், பேஸ் இருக்காது. ஆம்ப்பில் ஃபோனோ இல்லையென்றால் நடுவே ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியின் மெலிந்த மின் அலையைப் பெருக்கும் சின்னப் பெட்டி) வேண்டும்.

"மச்சான் அமெரிக்காவுல இருந்து பழைய டர்ன்டேபிள் கொண்டு வந்தார். டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் பாட்டு இழுக்குது"

டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும். அங்கே 60 ஹெர்ட்ஸ் கரண்ட், இங்கே 50. அதை டிரான்ஸ்ஃபார்மர் மாற்றாது. சில பழைய டர்ன்டேபிள்களின் மோட்டார் அந்த ஹெர்ட்ஸை எண்ணித்தான் சுற்றும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டையில் பாடுவார். 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி கிடைத்தால் மாட்டுங்கள். அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார் வகைக்கு இந்தத் தொல்லையே இல்லை, அடாப்டரை மாற்றினால் போதும். ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப்புகள் 100 வோல்ட். ஸ்டெப் டவுன் இல்லாமல் நேரே சொருகினால் பாட்டுக்கு முன் புகை வரும்.

"ஒயர் மாத்தினா வித்தியாசம் தெரியுமா?"

நூல் மாதிரி ஒயர் என்றால் மாற்றுங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் செப்பு ஒயர் 5 மீட்டர் இழுத்தால், போக வரச் சேர்த்து மின்தடை 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. 10 மீட்டர் தாண்டினால் 2.5 எடுங்கள். அதற்கு மேல் விலை கொடுத்தால் கிடைப்பது அழகான உறை. அது பிடித்திருந்தால் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.

"கரண்ட் போய் இன்வர்ட்டர் வந்ததும் செட்ல ஙொய்ங்குனு சத்தம். ஆம்ப் போயிடுச்சா?"

இல்லை. உங்கள் இன்வர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். அதன் முரட்டு அலையில் ஆம்ப்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் முனகும். சைன் வேவ் இன்வர்ட்டரில் இது வராது. கரண்ட் இருக்கும்போதே "ம்ம்ம்" என்று வந்தால் கேபிள் டிவி ஒயரையோ லேப்டாப் சார்ஜரையோ ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றியதும் நிற்கிறதோ அதுதான். முனகல் நிற்கும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது உயிரோடு விளையாட்டு.

"பழைய ஸ்பீக்கர்ல ஓரத்து ஸ்பாஞ்சு பொடிப்பொடியா உதிருது. தூக்கிப் போட்டுடவா சித்தப்பா?"

போடாதே. அந்த ஃபோம் வளையம் பத்து இருபது வருடத்தில் மட்கும், நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இன்னும் சீக்கிரம். கூம்பும் அதை ஆட்டும் கம்பிச் சுருளான காயிலும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் செய்பவர்கள் இருக்கிறார்கள். வெளியூரில் மைக்செட்டுக்காரரைக் கேள், ஆள் சொல்வார். மறுபடி ஃபோம் போடாமல் ரப்பர் வளையம் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் கனத்தில் பேஸின் குணம் மாறிவிடும், ஃபோமுக்கு ஃபோமே போடு. கூம்பை விரலால் நேராக மெல்ல அமுக்கும்போது உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் போயிருக்கிறது, அப்போது செலவைக் கணக்குப் பார்.

"ஸ்பீக்கரை மாத்தாம சப்ஊஃபர் மட்டும் சேர்த்துக்கலாமா?"

சப்ஊஃபர் என்பது அடிச் சுரங்களை மட்டும் பாடும் தனிப் பெட்டி. குரல் நன்றாக இருக்கிறது, அடிதான் இல்லை என்றால் சேர்க்கலாம். குரலே நன்றாயில்லை என்றால் சப்ஊஃபர் அதைத் திருத்தாது. பெட்டி எதுவரை பாட வேண்டும் என்ற குமிழை 80 ஹெர்ட்ஸில் வைத்து ஆரம்பியுங்கள். இடம் பார்க்க ஒரு வேடிக்கையான வழி உண்டு: சப்ஊஃபரை நீங்கள் உட்காரும் சோபாவில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்ஊஃபரை வையுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

"கடையில கேட்டப்ப அபாரமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் சப்புனு போச்சே?"

கடை அறை வேறு, உங்கள் அறை வேறு என்பது பாதிக் காரணம். மீதி, வால்யூம். இரண்டு செட்டில் ஒன்றை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், "சத்தம் அதிகம்" என்று காது சொல்லாது, "இது தெளிவு" என்றுதான் சொல்லும். நானே இப்படி ஏமாந்து ஒரு ஆம்ப் வாங்கி, ஆறு மாதம் அதை நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒப்பிடும்போது போனில் சத்தம் அளக்கும் செயலியைச் சோபாவில் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம், நூறு முறை கேட்ட உங்கள் பாட்டைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

"எல்லாம் புரியுது சார். ஆனா ஸ்பீக்கரை மூலையை விட்டு நகர்த்த வீட்டுக்காரம்மா விட மாட்டேங்கறாங்க. அப்போ என்ன முதல்ல?"

இது நிறைய பேர் தயங்கித் தயங்கிக் கேட்பது. மூலையை விட்டு வர முடியாதென்றால் மூலைக்கு ஏற்ற மாதிரி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் ஓட்டை உள்ள பெட்டி சுவரோரம் இன்னும் குமுறும். இருப்பது அந்த வகை என்றால் ஓட்டைக்குள் ஒரு ஜோடி சுத்தமான சாக்ஸைச் சுருட்டி அடைத்துப் பாருங்கள், பேஸ் கொஞ்சம் மெலியும். புதிதாக வாங்குவதென்றால் ஓட்டையில்லாத மூடிய பெட்டியைக் கேளுங்கள். ஆம்ப்பில் பேஸ் குமிழ் இருந்தால் கூச்சப்படாமல் குறையுங்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது.

அதற்கும் அடங்கவில்லை என்றால், மூன்றாவது கேள்வியில் சொன்ன அந்த 57 ஹெர்ட்ஸ் மேட்டை மட்டும் தேடிப் பிடித்து வெட்டலாம். அளக்க ஒரு மைக், ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருள், கணினியிலோ ஆம்ப்பிலோ ஓர் ஈக்வலைசர் (குறிப்பிட்ட சுரங்களை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி). மேட்டை மட்டும் வெட்டுங்கள், பள்ளத்தை ஏற்றி நிரப்பப் பார்க்காதீர்கள். பள்ளத்தில் எவ்வளவு கொட்டினாலும் அறை விழுங்கிவிடும், ஆம்ப் மட்டும் திணறும். என் நண்பர் ஒருவர் இதைச் செய்துவிட்டு ஒரு வாரம் ஓடவிட்டார். எட்டாம் நாள் அவர் மனைவியே, "ஏதோ மாத்தியிருக்கீங்க, இப்ப தலைவலிக்கல" என்று சொன்னாராம். ஸ்பீக்கர் இப்போது மூலையிலிருந்து ஓரடி வெளியே இருக்கிறது.